கீழே நின்று எண்ணியவன்

கூரையில் தெரிகிற ஸ்பிரிங்ளரைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. உள்ளே நல்ல தண்ணீர் தயாராக நிற்கிறது, தீப்பிடித்தால் மழை மாதிரி கொட்டிவிடும் என்று. ஐந்து வருஷம் ஒரே குழாயில் அசையாமல் நின்ற தண்ணீர் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எவனாவது யோசித்திருக்கிறானா? மை மாதிரி இருக்கும். கிட்டே போனால் குமட்டும். குழாயின் துரு செதில் செதிலாக உரிந்து கிளைக் குழாய்களின் கடைசியில் போய் அடைத்துக்கொண்டிருக்கும். கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன கல், வெல்டிங் துணுக்கு, ஒரு தடவை ஒரு முழுக் கையுறைகூட வந்து விழுந்திருக்கிறது. அதையெல்லாம் தண்ணீரை வேகமாக அடித்து வெளியே தள்ளிக் கழுவுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் குழாய் கழுவுகிறேன் என்பேன். "ஓ, சாக்கடையா?" என்பார்கள். சாக்கடை எவ்வளவோ மேல், அதிலாவது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஏணியில் ஏற வேண்டும், ஒருத்தர் கீழே நிற்க வேண்டும். ஏறுகிறவர் அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர். நிற்கிறவன் நான். எனக்கு உயரம் ஆகாது, மூன்றாவது படியிலேயே முழங்கால் நடுங்கும். "மாப்ள, நீ நாற்காலி மேல ஏறி பல்பு மாத்துனாலே நாங்க ஆம்புலன்ஸ் கூப்பிடணும்டா" என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். பதினாறு வருஷம் அவர் மேலே, நான் கீழே. ஒரு நாள்கூட எங்களுக்குள் முகம் கோணியதில்லை.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்தது புரியும். கூரையில் இருக்கும், சூடேறினால் திறந்து தண்ணீர் தெளிக்கும் பழைய ஸ்பிரிங்ளர் ஹெட்டுகளை மாற்ற வேண்டிய வருஷம் என்றால், முதலில் அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பித்தளை பிளக் வைத்து முறுக்கி அடைப்போம். குழாயின் கடைசி முனையில் ஹோஸ் மாட்டி வெளியே விடுவோம். நான் வால்வைத் திறப்பேன். தண்ணீர் முதலில் கறுப்பாக வரும், பிறகு செங்கல் நிறம், பிறகு டீ நிறம், கடைசியில்தான் தெளியும். தெளிந்ததும் வால்வை மூடிவிட்டு, அத்தான் பிளக்குகளைக் கழற்றிப் புது ஹெட்டுகளை மாட்டுவார். பிளக் மாட்டிய ஓட்டை செத்த ஓட்டை. கீழே எல்லாம் எரிந்து சாம்பலானாலும் அதிலிருந்து ஒரு சொட்டு வராது. அதனால் ஒரு விதி. எத்தனை பிளக் மேலே போயிற்றோ அத்தனையும் கீழே வர வேண்டும். கூடையில் எண்ணிக் கொடுப்பதும், எண்ணி வாங்குவதும், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் கீழே நிற்கிறவன் வேலை. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்கிறதா? எண்ணத் தெரிந்தால் போதும்.

அன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைக் கூடத்தில் வேலை. அங்கேதான் அக்கா வேலை பார்த்தாள். துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் மேஜை அவளுடையது. பதினொரு பெண்கள் அவளுக்குக் கீழே. அக்காவின் வாய் தெரியுமா உங்களுக்கு? டிரையர் மெஷின்கள் நாலும் ஒன்றாக ஓடும்போதுகூட அவள் குரல்தான் மேலே கேட்கும். காலை எட்டு மணிக்கு நாங்கள் ஏணியோடு உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், ஒரு சொட்டு கறுப்பு இந்த ஷீட்டு மேல விழட்டும், ரெண்டு பேருக்கும் இன்னைக்கு வீட்ல சாப்பாடு கிடையாது. சொல்லிட்டேன்."

"எனக்கு தனி வீடு இருக்குக்கா" என்றேன்.

"இருந்தா என்ன? உன் பொண்டாட்டிகிட்டயும் போன் பண்ணி சொல்லிடுவேன்."

மடிக்கும் பெண்கள் சிரித்தார்கள். அத்தான் ஏணியை விரித்துக்கொண்டே, "நான் வாயே திறக்கல, என்னை ஏன் இதுல இழுக்கிற?" என்றார். "நீங்க வாயத் திறக்காததாலதான் இவன் இவ்வளவு பேசுறான்" என்றாள் அக்கா. மெஷின்களை நிறுத்தினார்கள், விரிப்புகள்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினார்கள், வேலை தொடங்கியது.

பன்னிரண்டு ஹெட். பன்னிரண்டு பிளக் எண்ணிக் கூடையில் போட்டுக் கயிற்றில் மேலே அனுப்பினேன். நோட்டில் எழுதினேன். தண்ணீர் தெளிய மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்படி ஒரு அழுக்கை நான் அந்த வருஷம் முழுக்கப் பார்க்கவில்லை. ஹோஸ் முனையில் கட்டியிருந்த சாக்கு இரண்டு தடவை நிறைந்தது. பதினொன்றரைக்குப் பிறகு அத்தான் பிளக்குகளைக் கழற்றி ஹெட்டுகளை மாட்ட ஆரம்பித்தார். அதற்குள் மேலே வார்டிலிருந்து போன் மேல் போன். விரிப்பு இல்லை, ஆபரேஷன் நிற்கிறது என்று. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"போதும், எறங்குங்க! மேல என்ன கோட்டையா கட்டுறீங்க? மெஷின ஓட்டணும்!"

"கடைசி ஒண்ணுதான்" என்று கூரைக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மூன்றாவது டிரையருக்கு மேலே தகரத்தில் அகலமான காற்றுக் குழாய் ஒன்று போகிறது. அத்தான் தலை அதற்குப் பின்னால் இருந்தது. அக்கா மறுபடி கத்தினாள். அவர் ஏதோ பதில் சொன்னார், சிரித்தார், இறங்கி வந்தார். கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் எண்ணினேன். பதினொன்று.

இன்னொரு தடவை எண்ணினேன். பதினொன்று. ஹெட் பெட்டியைப் பார்த்தேன். பன்னிரண்டு போக இரண்டு உபரி என்று பதினாலு கொண்டுவந்திருந்தோம். இரண்டு மிஞ்ச வேண்டும், மூன்று இருந்தது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன சொல்ல வேண்டும்? மேலே இருக்கிற ஆண்டவன் இறங்கி வந்து காதைப் பிடித்துத் திருகிச் சொல்ல வேண்டுமா? கண் பார்த்தது, மனசு வேறு கதை கட்டியது. ஸ்டோர்காரன் ஒன்று கூடப் போட்டிருப்பான். பிளக் எங்காவது உருண்டிருக்கும், பிளக் என்றால் உருளத்தானே செய்யும். ஏணியை மடித்தாயிற்று. ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் பேனாவோடு கையெழுத்துக்கு நிற்கிறார். இப்போது போய் "பதினொண்ணுதான் இருக்கு" என்றால் அக்கா என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடுவாள். முந்தின வாரம் ஒரு கிடங்கில் செய்த வேலையில் மிஞ்சிய பிளக் ஒன்று என் பையில் கிடந்தது. எடுத்தேன், கூடையில் போட்டேன். பன்னிரண்டு. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஞ்சிய ஹெட்டுகள் அடுத்த வேலைக்குப் போய்விட்டன.

ஏழு வாரம் கழித்து, மத்தியானம் இரண்டரை மணிக்கு மூன்றாவது டிரையரில் பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது.

அதை நான் நேரில் பார்க்கவில்லை, வெளியே ஓடிவந்த பெண்கள் சொல்லித்தான் தெரியும். மடிக்கும் மேஜை உள்மூலையில், மெஷினுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாசல் இந்தப் பக்கம். மேஜையில் இருந்தவர்களை அக்கா முதலில் தள்ளிவிட்டாள். "ஓடுங்கடி, ஓடுங்கடி" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாளாம். கடைசியாக அவள் வருவதற்குள் மெஷினுக்கு மேலே காற்றுக் குழாய் வரைக்கும் நெருப்பு ஏறிவிட்டது. மெஷினுக்கு நேர் மேலே திறக்க வேண்டிய ஹெட் திறக்கவில்லை, ஏனென்றால் அங்கே ஹெட்டே இல்லை. தள்ளி இருந்த இரண்டு ஹெட்டுகள் சூடேறித் திறந்து நல்ல தண்ணீராகக் கொட்டின. நாங்கள் கழுவிவிட்ட தண்ணீர், ஒரு துரு இல்லை. அதற்குள் புகை தன் வேலையை முடித்துவிட்டது. அக்காவை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தாள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். என் அக்கா தூங்கும்போதுகூட அவ்வளவு அமைதியாக இருந்தவள் இல்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்காரர்கள் காற்றுக் குழாயை அறுத்து எடுத்தார்கள். பின்னால் ஓட்டையில் பித்தளை பிளக். விசாரணை அதிகாரி ஒரு அம்மா, கனத்த கண்ணாடி போட்டவர், ஒரு வார்த்தைகூட வீணாகப் பேசாதவர். எங்கள் நோட்டைப் புரட்டினார். பன்னிரண்டு போயிற்று, பன்னிரண்டு வந்தது, கீழே என் கையெழுத்து.

"அப்படின்னா இது பதிமூணாவது பிளக்" என்றார். "இது எங்கிருந்து வந்துச்சு?"

அறையில் இருந்த எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். ஏறுகிற ஃபிட்டர்கள் எல்லோரும் சொந்தமாக இரண்டு மூன்று பிளக் பையில் வைத்திருப்பார்கள் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அத்தான் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையில எப்பவும் கெடக்கும் மேடம். கூடையில இருந்ததுக்குப் பதிலா அதை எடுத்து மாட்டியிருப்பேன். கூடையில இருந்தது சும்மா திரும்பி வந்திருக்கும். அதனால இவன் கணக்கு சரியா இருந்திருக்கு." பிறகு, "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

பதினொன்று என்று நான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அடப்பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு ஒரே பெண், காலேஜில் இரண்டாவது வருஷம். அந்த அறையில் அவளும் இருந்தாள். அன்றைக்கு வெளியே வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் வந்து, "மாமா, நான் உங்க வீட்டுக்கு வரேன்" என்றாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. அப்பாவோடு பேச்சும் இல்லை. அத்தான் போன் செய்தால் எடுக்க மாட்டாள். என் மனைவி, "அம்மாடி, அவரும் மனுஷன்தானே, ஒரு வார்த்தை பேசு" என்று கெஞ்சிப் பார்த்தாள். "அத்தை, அம்மா தலைக்கு மேல அடைச்சு வச்சுட்டு வந்த ஆளோட நான் என்ன பேச?" என்றாள் பெண். அதற்குப் பிறகு என் மனைவி கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள். "மாமா, உங்க எண்ணிக்கை கரெக்டாதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். எந்தச் சாவு எனக்கு வந்தாலும் அந்த டம்ளர் கழுவிய சத்தம் அளவுக்கு வலிக்காது. அவள் அம்மாவைக் கொன்றது சோம்பல் என்று வைத்துக்கொண்டால், அந்த "ஆமாம்மா"வுக்கு என்ன பெயர்?

ஐம்பத்திரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசி விசாரணை திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். சட்டை வேறு யாருடையதோ மாதிரித் தொங்கியது. உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. பெண் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள், அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"நாளைக்கு நான் ஒத்துக்கிறேன் மாப்ள. என் தப்புதான்னு எழுதிக் குடுத்துடறேன். லைசன்ஸ எடுப்பாங்க, உள்ளகூட வைப்பாங்க. வைக்கட்டும். நீ ஒண்ணும் பேச வேண்டாம். உன் கணக்கு சுத்தம். அவளை மட்டும் பாத்துக்க."

"அத்தான்..."

"நான் தினமும் மனசுல போட்டுப் பாக்கறேன்டா." வலது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மணிக்கட்டு திரும்பியது. "ஒண்ணு. ரெண்டு. எல்லாம் ஞாபகம் இருக்கு. எந்தெந்த ஓட்டையில மரை தேஞ்சிருந்துச்சுன்னுகூட சொல்லுவேன். பதினொண்ணு வரைக்கும் வரேன். அப்புறம் உங்க அக்கா கூப்பிட்டா. 'கோட்டையா கட்டுறீங்க'ன்னா. நான், 'ஆமா, உனக்குத்தான்'னேன். அவ சிரிச்சா. நான் எறங்கிட்டேன் மாப்ள. பன்னெண்டாவது எனக்கு வரவே மாட்டேங்குது. கை அங்க போகவே மாட்டேங்குது."

அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது. அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏணியில் ஏறுகிறவன் மறப்பான். கழுத்து வலிக்கும், கீழே பெண்டாட்டி கூப்பிடுவாள், சிரிப்பாள், மறக்கத்தான் செய்வான். அவன் மறப்பான் என்பதற்காகத்தானே கீழே ஒருத்தனைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்?

"பதினொண்ணுதான் வந்துச்சு அத்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கை இன்னும் இறங்கவில்லை.

"கூடையில பதினொண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினேன். ஹெட்டும் ஒண்ணு கூட இருந்துச்சு, அதையும் பார்த்தேன். என் பையில இருந்த பிளக்கை எடுத்துப் போட்டு பன்னெண்டுன்னு எழுதிட்டேன். உங்க பையில இருந்து எதுவும் போகல. நீங்க மறந்தீங்க, அவ்வளவுதான். நான் மறக்கல. எனக்கு தெரிஞ்சுது."

பின்னால் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பியபோது அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன் மாமா ஏறிப் பாக்கல?" என்றாள் பெண்.

கத்தவில்லை. அவள் அம்மா மாதிரி கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஏணிய மடிச்சாச்சு" என்றேன். "அதான்மா. வேற ஒண்ணுமில்ல."

"என்கிட்ட ஆமான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

உள்ளே போனாள். பையில் புத்தகங்களைப் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து என்னைத் தொடாமல் சுவரோரமாகக் கடந்து போனாள், அழுக்குச் சுவரில் உடம்பு படாமல் நடக்கிற மாதிரி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவின் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வாங்கப்பா, போலாம்."

ஐம்பத்திரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அத்தான் அழ ஆரம்பித்தார். பெரிய ஆள், வாசலில் நின்று வாயைத் திறந்துகொண்டு அழுதார். அடுத்த வீட்டில் ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கை கழுவத்தான்டா போயிருந்தேன். பத்தடி தள்ளி நின்னேன். பதினொண்ணுன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேனே. உங்க அக்கா என்ன திட்டியிருந்தாலும் ஏறியிருப்பேனேடா."

எனக்குத் தெரியும். ஏறியிருப்பார். ஐந்து நிமிஷ வேலை. அக்கா திட்டியிருப்பாள். இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பாள்.

அவர்கள் தெருமுனை வரைக்கும் போவதைப் பார்த்தேன். பெண் அவர் கையை விடவில்லை. என் மனைவி சாப்பாட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை விசாரணை அறையில் அத்தானும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கம் இருவரும் திரும்பவில்லை. அத்தான் எழுதிக்கொண்டு வந்த தாளைக் கொடுக்க எழுந்தார். நான் முந்திக்கொண்டு, நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். கண்ணாடிக்கார அம்மா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். டைப் அடிக்கிறவர் விரலைச் சாவிகள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அன்னைக்கு மேலேருந்து எத்தனை பிளக் திரும்பி வந்தது?"

"பதினொண்ணு."

"என்ன? கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"பதினொண்ணு" என்றேன், அந்தச் சலவைக் கூடத்தில் பத்தடி தள்ளி நின்ற மனுஷனுக்குக் கேட்கும்படி.